கணுக்காலுக்குள் ஒரு பின்

பெங்களூரில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், தமிழில் பாதிச் சொற்கள் வரும் வழியிலேயே தொலைந்துவிடும் என்று. ஊரில் ஊக்கு என்போம், குண்டூசி என்போம், கொண்டை ஊசி என்போம். ஓசூரைத் தாண்டி பஸ் இந்தப் பக்கம் வந்ததும் எல்லாமே பின்னு. புடவைத் தோளில் குத்துவதும் பின்னு, காகிதத்தில் குத்துவதும் பின்னு, தலையில் செருகுவதும் பின்னு. இஸ்திரிப் பெட்டிக்கு வயர் வாங்கப் போனால், "டூ பின்னா, த்ரீ பின்னா?" என்பான் கடைக்காரன். ஊருக்கு மணியார்டர் எழுதிக் கொடுத்தால், "பின் போடலியே" என்று போஸ்ட் ஆபீஸில் திருப்பித் தள்ளுவார்கள். பிற்பாடு சம்பளத்தை பேங்கில் போட ஆரம்பித்தபோது ஒட்டிய உறைக்குள் இன்னொரு பின் வந்தது. அதைப் புருஷனிடம்கூடச் சொல்லக்கூடாது என்றார்கள். எங்கள் கம்பெனிப் பெண்களில் முக்கால்வாசிப் பேருடைய பின் அவர்களைவிட அவர்களுடைய புருஷன்மாருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இதில் எதைப் பற்றியும் நான் எழுத உட்காரவில்லை. ஜோசஃபினைப் பற்றி எழுத வேண்டும். அவளைச் சொல்ல வேண்டுமானால் பின்னைச் சொல்லாமல் முடியாது, அதனால் இவ்வளவு பீடிகை.

எங்கள் கம்பெனி பொம்மனஹள்ளியில், ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருந்தது. துணி தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி. நான் டைம் ஆபீஸில் குமாஸ்தா. டைம் ஆபீஸ் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம், மெயின் கேட்டை ஒட்டி ஜன்னல் வைத்த ஓர் அறை, அவ்வளவுதான். யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் தாமதம் என்று பார்ப்பது என் வேலை. என் ஜன்னலிலிருந்து பார்த்தால் ஜோசஃபின் நிற்கும் இடம் நேராகத் தெரியும். வேறு பார்க்க ஒன்றும் இல்லாததால் அவளைத்தான் வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜோசஃபின் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். புருஷன் டொமினிக் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர், பேச்சு குறைவு, சிரிப்பு அதைவிடக் குறைவு. பிள்ளைகள் இல்லை. ஏன் இல்லை என்று துருவுகிறவர்களுக்கு, "ஆண்டவர் மறந்துட்டார், நானும் ஞாபகப்படுத்தல" என்று ஒரு பதில் வைத்திருந்தாள். அதை அவள் சொல்லும் விதத்தில், கேட்டவர்கள் மறுபடி கேட்கமாட்டார்கள். கம்பெனியில் முதலில் நூல் பிசிறு வெட்டினாள். பிறகு ஆண்கள் சட்டை மடிக்கும் பகுதிக்குப் போனாள். காலரில், கையில், முதுகில் என்று குண்டூசி குத்திக் குத்தி அட்டையோடு சேர்த்து மடிக்கிற வேலை அது. பெட்டி பெட்டியாகக் குண்டூசி தீர்ந்துகொண்டிருந்த காலம்.

தொண்ணூற்றேழில் ஆண்கள் சட்டை நின்றுபோய், எங்களுக்குக் குழந்தைகள் உடுப்பு ஆர்டர் வந்தது. அதோடு ஒரு சட்டமும் வந்தது. எங்கேயோ யாரோ தைத்த ஒரு கவுனுக்குள் ஊசி இருந்து, எந்த நாட்டிலோ ஒரு குழந்தையின் தோளைக் கிழித்துவிட்டதாம். அதனால் இனிமேல் குழந்தை உடுப்பு தைக்கும் ஹாலுக்குள் மெஷின் ஊசியைத் தவிர வேறு இரும்பு நுழையக்கூடாது. மெஷின் ஊசி உடைந்தால்கூட உடைந்த துண்டு மொத்தமும் கிடைக்கிற வரை அந்த வரிசையே நிற்க வேண்டும். ஆட்கள் உள்ளே வரும்போது ஒவ்வொருவரையும் கையில் பிடிக்கிற ஒரு டிடெக்டரால் தலையிலிருந்து கால் வரை தடவிப் பார்க்க வேண்டும். இரும்பு இருந்தால் அது கூ என்று கத்தும். பெண்கள் அதற்குக் கூவுற கட்டை என்று பெயர் வைத்தார்கள்.

கட்டையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்க யாரைப் போடுவது என்ற பேச்சு வந்தபோது, பர்சனல் ஆபீஸர் சுந்தரராமன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "அந்த ஜோசஃபினைப் போடுங்க. அந்தம்மா மொகத்தப் பாத்தா எனக்கே பாக்கெட்டத் தொட்டுப் பாத்துக்கணும் போல இருக்கு" என்றார்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. நம் பெண்களிடம் ஊக்கு இல்லாத இடம் எது? தாலிச் சங்கிலியில் இரண்டு தொங்கும். வளையலில் ஒன்று. மாராப்பில் ஒன்று, கொசுவத்தில் ஒன்று, ஜாக்கெட்டில் கொக்கி விட்ட இடத்தில் ஒன்று. தாலி தங்கம், அதைக் கழற்றச் சொல்ல முடியாது, கழற்றவும் மாட்டார்கள். கட்டைக்குத் தங்கமும் ஒன்றுதான், இரும்பும் ஒன்றுதான், எல்லாவற்றுக்கும் கூவும். ஆகவே ஜோசஃபின் ஒவ்வொருத்தியின் கழுத்திலும் விரலை விட்டு, சங்கிலியை உருவிப் பார்த்துத்தான் உள்ளே அனுப்புவாள். அந்த ஹாலில் எத்தனை பெண்கள் உண்டோ அத்தனை பேருடைய தாலியையும் தினம் காலையில் தொட்டவள் அவள் ஒருத்திதான்.

பிடிபட்ட ஊக்கைத் திருப்பித் தரக்கூடாது என்பதும் சட்டம். பக்கத்தில் ஒரு டப்பா இருந்தது. அதில் போட்டால் பழைய இரும்புக்குப் போய்விடும்.

"அக்கா, ஒரே ஒரு பின்னுக்கா. சாயந்திரம் பஸ்ல நிக்கணும், முந்தானை நிக்காது. ஆம்பளைங்க பாக்கற பார்வை உனக்குத் தெரியாததா?"

"நூலப் போட்டுத் தெச்சுக்கடி. தெய்க்கிற கம்பெனியிலதான வேல பாக்குற?"

அப்படியும் செய்து பார்த்தார்கள். மாராப்பை ஜாக்கெட்டோடு சேர்த்துத் தைத்துக்கொண்டு வந்தார்கள், வீட்டுக்குப் போய்ப் பிரித்தார்கள். முதல் மாசம் வாசலில் ஒரே கூச்சல். போகப் போகக் குறைந்தது. அடுத்த வருஷத்தில் டப்பா காலியாகவே கிடந்தது. வரிசை மளமளவென்று நகர்ந்தது. சுந்தரராமன் வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கெல்லாம் ஜோசஃபினைக் காட்டி இங்கிலீஷில் புகழ்வார். அவள் ஒன்றும் புரியாதவள் போல் நேராகப் பார்த்துக்கொண்டு நிற்பாள். புரியும், எனக்குத் தெரியும்.

அவளுக்கு அந்த வாசல் எவ்வளவு பிடித்திருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. ஒருநாள் டீ வேளையில் என் ஜன்னல் பக்கம் வந்தவள், தானாகவே சொன்னாள்: "அங்க எங்கியோ ஒரு புள்ள இந்தச் சட்டையப் போட்டுக்கும் சார். பேரு தெரியாது, மொகம் தெரியாது. ஆனா அதுக்கு ஒண்ணும் குத்தாது. அதுக்கு நான் பொறுப்பு." சொல்லிவிட்டு, வெட்கப்பட்டவள் போல டம்ளரைக் கழுவப் போய்விட்டாள். சம்பளத்துக்காக வேலை செய்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், நானே அப்படித்தான். இவள் அந்த வாசலுக்காகவே வந்தாள்.

கறார் என்றால் அப்படியொரு கறார். ஃபாத்திமா என்று ஒரு பெண், காலர் தைப்பவள், இலியாஸ் நகர்ப் பக்கத்திலிருந்து வருகிறவள். அடர்ந்த முடி, பிளாஸ்டிக் கிளிப்புக்கு அடங்காது. பின்னலுக்கு உள்ளே ஒரு பின்னை ஒளித்துச் செருகிக்கொண்டு வந்துவிட்டாள். கட்டை கூவியது. ஜோசஃபின் வரிசைக்கு முன்னாலேயே பின்னலைப் பிடித்துப் பிரித்துத் தேடி எடுத்தாள். அவிழ்ந்த தலையோடு அவளை உள்ளே அனுப்பினாள். ஃபாத்திமா அன்றைக்கு முழுக்க அழுதுகொண்டே காலர் தைத்ததாகச் சொன்னார்கள். அதன்பிறகு வாசலில் அவள் ஜோசஃபினின் முகத்தைப் பார்ப்பதில்லை. கையை விரிப்பாள், கட்டை தடவும், போவாள். நான் ஜோசஃபினிடம், "கொஞ்சம் ஓரமாக் கூட்டிட்டுப் போயி எடுத்திருக்கலாமே" என்றேன். "ஓரமாப் போனா மத்தவளுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.  அவள் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாயிரத்தில் ஒரு மழைக் காலம். ஓசூர் ரோட்டைக் கடக்கும்போது, தண்ணீருக்கடியில் சாக்கடைக் கல் பெயர்ந்திருந்தது தெரியாமல் கால் வைத்துவிட்டாள். கணுக்கால் முறிந்துபோயிற்று. ஆஸ்பத்திரியில் அறுத்து, எலும்பைச் சேர்த்து, உள்ளே இரும்பு வைத்துத் தைத்தார்கள். நான் பார்க்கப் போயிருந்தபோது டொமினிக் கட்டில் ஓரத்தில் நின்று, "பின்னு வெச்சிருக்காங்களாம்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொண்டார். கட்டிலில் படுத்திருந்தவள் அதைக் காதில் வாங்கவில்லை. "வாசல்ல யார் நிக்கிறா சார்?" என்பதுதான் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

ஃபாத்திமா நிற்கிறாள் என்றேன். ஃபாத்திமாவுக்கு அப்போது கைக்குழந்தை, தையல் வரிசையில் ஓயாமல் உட்கார முடியவில்லை என்று கேட்டதால் அங்கே போட்டிருந்தார்கள்.

"அவளா? அவ எளகுன மனசு. விட்டுடுவா" என்றாள் ஜோசஃபின்.

மாசங்கள் கழித்துத் திரும்பி வந்தாள். லேசாகச் சாய்ந்து நடந்தாள், மற்றபடி அதே ஆள். வாசலில் பெண்கள் சுற்றிக்கொண்டார்கள். திட்டியவர்களும் இருந்தார்கள் அந்தக் கூட்டத்தில், ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். ஃபாத்திமா கட்டையை நீட்டி, "உன் வேலைய நீயே வாங்கிக்கக்கா, எனக்குக் கை வலிக்குது" என்றாள். பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தவள் பேசியது அன்றைக்குத்தான்.

"மொதல்ல என்னைப் பாரு. நானும் வெளிய இருந்துதான வரேன்" என்று ஜோசஃபின் கையை விரித்து நின்றாள்.

தலை, கழுத்து, இடுப்பு. சங்கிலியை ஃபாத்திமா விரலால் தடவினாள். கட்டை கீழே போனது. கணுக்காலில் கூ என்றது.

எல்லோரும் சிரித்தார்கள். ஜோசஃபினும் சிரித்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். மறுபடி கூ என்றது. அவள் புடவையைக் கொஞ்சம் தூக்கித் தழும்பைப் பார்த்தாள். நானும் ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவளுக்கும் அந்த நிமிஷம்தான் விளங்கியது என்று நினைக்கிறேன்.

"உள்ள பின்னு இருக்குல்ல" என்றாள், யாரிடமோ சொல்வது போல.

"யா அல்லா, இதெல்லாம் ஒரு விஷயமாக்கா? எனக்குத் தெரியாதா? போக்கா உள்ள."

"போகக்கூடாது."

"எலும்புக்குள்ள இருக்கறது எகிறிப்போயி சட்டைல விழுமா?"

"விழாது. ஆனா கூவுச்சுல்ல? தாலின்னா உருவிப் பாக்கலாம், இத எப்படி உருவறது? எடுத்துப் பாக்க முடியாதது கூவினா உள்ள விடக்கூடாது. இன்னிக்கு என்னை விடுவ. நாளைக்கு ஒருத்தி கால்ல ஒரு பின்ன ஒட்டிட்டு வந்து, எனக்கும் உள்ள இருக்குதும்பா. போயி ஆபீஸ்ல சொல்லு."

ஃபாத்திமா போகவில்லை. ஜோசஃபினே போனாள்.

மறுநாள் சுந்தரராமன் எக்ஸ்ரேயைக் கேட்டிருந்தார். டொமினிக் அதைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு எடுத்து வந்தார். சுந்தரராமன் வாசலுக்கே வந்து, பிலிமை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். சாம்பல் நிற எலும்பில் வெள்ளை வெளேரென்று இரண்டு கோடுகள். செக்யூரிட்டி, டீக்காரர், நான், வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தோம். இரும்பு இருப்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இருந்தும் என்ன செய்வதென்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

சுந்தரராமன் கெட்டவர் இல்லை. வாங்குகிற கம்பெனியின் ஆபீஸுக்கு போன் போட்டு அரை மணி நேரம் மன்றாடினார். அவர்கள் அங்கே கேட்டு இங்கே சொன்னார்கள்: தாலி தவிர வேறெதற்கும் ஆள்மீது கட்டை கூவக்கூடாது, கட்டை பிடிக்கிறவளுக்கும் விதிவிலக்கு கிடையாது, ஒருவருக்குக் கொடுத்தால் சட்டமே போய்விடும். ஜோசஃபின் சொன்ன அதே நியாயம். சுந்தரராமன் கையைப் பிசைந்துகொண்டு வந்து சொன்னபோது, அவள் தலையை ஆட்டினாள்.

"சரியாத்தான் சொல்லியிருக்காங்க சார்" என்றாள். குரல் உடைந்துவிட்டது.

அந்தப் பின்னை எடுத்துவிடலாமா என்று டாக்டரிடம் போனாள். அவர் கன்னடக்காரர், கால்வாசித் தமிழ் தெரியும். "அது இருந்தா ஏனூ ஆகல்லம்மா, ஒண்ணும் ஆகாது. சாகற வரைக்கும் இருக்கலாம். எதுக்கு எடுக்கணும்?" என்றார். வேலைக்கு என்றாள். என்ன வேலை என்று கேட்டுவிட்டுச் சிரித்தார், அப்புறம் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவளுக்குச் சர்க்கரை இருந்தது. போன தடவையே புண் ஆற இழுத்துக்கொண்டு போயிற்று. மறுபடி வெட்டினால் காலே போகலாம் என்றார். அதோடு அந்தக் கதவு சாத்தியாகிவிட்டது.

ஆனாலும் அவள் வந்தாள். தினம் காலையில் வந்து, என் ஜன்னலுக்கு வெளியே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். ஹாஜர் கிடையாது, சம்பளம் கிடையாது. ஃபாத்திமா கட்டையைச் சாய்த்துப் பிடித்தால், "நேராப் பிடி, முழங்கால விட்டுட்ட" என்று இங்கிருந்து குரல் கொடுப்பாள். எனக்கு எரிச்சலாக இருக்கும், பாவமாகவும் இருக்கும். ஒருநாள் டப்பாவில் ஒன்றும் விழாமல் வரிசை உள்ளே போய் முடிந்ததும், என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா சார்? ஒருத்திகிட்ட ஒரு பின்னு இல்ல. நான் பழக்கி வெச்சது. என்னை எடுத்துட்டாலும் அது நிக்கும்" என்றாள். அந்தப் பெருமை ஒன்றுதான் அவளிடம் மிச்சம் இருந்தது. நானும் ஆமாம் போட்டேன்.

அந்தச் சமயத்தில் கம்பெனிக் குழந்தைகள் அறையிலிருந்த ஆயா, மகள் பிரசவத்துக்கென்று ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை. வேலைக்கு வரும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற அறை அது. தையல் ஹாலோடு சம்பந்தமில்லாமல் பின்பக்கம் இருந்தது, அதற்குத் தனியாக ஒரு சின்னக் கதவு, பக்கத்துச் சந்தில். பெண்கள் முதலில் அங்கே குழந்தையை விட்டுவிட்டு, சுற்றி நடந்து மெயின் கேட்டுக்கு வருவார்கள். கட்டை வைக்கிற சட்டம் அந்தக் கதவுக்கு இல்லை. சுந்தரராமன் ஜோசஃபினைக் கூப்பிட்டு, "அங்க போறியாம்மா?" என்றார்.

அவள் முகம் சிறுத்துவிட்டது. "ஆயா வேலையா?" என்று மட்டும் கேட்டாள். அன்று சாயந்திரம் பெஞ்சில் என்னிடம் வெடித்தாள். "பீ மூத்திரம் தொடைக்கவா சார் நான் இத்தன வருஷம் நின்னேன்? பெத்திருந்தாலாவது பழகியிருக்கும்." பிள்ளையில்லாததைப் பற்றி அவள் தானாகப் பேசியது அந்த ஒரு தடவைதான். 

டொமினிக்தான் அவளை அனுப்பினார் என்று பிறகு தெரிந்தது. "வாசல் எளகுமின்னு பெஞ்சில உக்காந்திருக்க. எளகாதுன்னு நீயேதான சொன்ன?" என்றாராம். அவரிடமிருந்து அது நீளமான பேச்சு.

அவள் அங்கே போன முதல் நாள், டீ வேளைக்குக்கூட ஆகவில்லை, ஆள் அனுப்பி எங்களைக் கூப்பிட்டாள். சுந்தரராமன் முன்னால் போக, குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து நான் பின்னால் ஓடினேன்.

குழந்தைகள் பாயில் கிடந்தார்கள், தவழ்ந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. ஜோசஃபின் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு குழந்தை. பக்கத்தில் ஒரு எவர்சில்வர் தட்டு, தட்டு நிறைய ஊக்கு.

"இந்தப் புள்ள சட்டையத் திருப்பிப் பாருங்க சார்" என்றாள்.

சட்டை ஓரத்தில், உள்பக்கமாக, வரிசையாக ஊக்குகள் குத்தியிருந்தன. அரைஞாண் கயிற்றில் இரண்டு தொங்கின. இன்னொரு குழந்தையின் குல்லாவுக்குள் கொண்டைப் பின்கள். இடுப்புத் துணியில், போர்த்திய துண்டில், கழுத்துக் கறுப்புக் கயிற்றில், எங்கெங்கும் பின்னு.

எங்களுக்குப் புரிய நேரமாகியது. அவள்தான் எடுத்துச் சொன்னாள். மெயின் கேட்டில் ஊக்கு பிடிபட்டால் டப்பாவுக்குப் போய்விடும், சாயந்திரம் பஸ்ஸில் அது வேண்டும். ஆகவே தாய்மார், குழந்தையை விடும்போதே தங்கள் ஊக்குகளைக் கழற்றிக் குழந்தைமேல் குத்திவிட்டு வந்தார்கள். குழந்தையில்லாத பெண்கள் தோழியிடம், "எம்பின்னையும் உம்புள்ளமேல குத்திடு" என்று கொடுத்து அனுப்பினார்கள். பழைய ஆயாவுக்கு எல்லாம் தெரியும், அவள் கண்டுகொள்ளவில்லை. அந்த வருஷங்களில் அந்த வாசலில் குறைந்த ஊக்கெல்லாம் இங்கேதான் வந்து சேர்ந்திருந்தது.

"இது ஃபாத்திமா புள்ள" என்று மடியிலிருந்ததைத் தூக்கிக் காட்டினாள். ஊக்கு ஒன்று திறந்துபோய், வயிற்றில் குறுக்கே சிவப்பாக ஒரு கோடு இழுத்திருந்தது. பழைய கோடுகளும் இருந்தன, காய்ந்துபோய். குழந்தை எங்களைப் பார்த்துச் சிரித்தது.

"எங்கியோ இருக்கற புள்ளைக்குக் குத்தக்கூடாதுன்னு நின்னேன் சார்" என்று சொல்லிவிட்டு ஜோசஃபின் அழுதாள். மறைக்கவில்லை, முந்தானையை எடுக்கவில்லை, எங்களைப் பார்த்துக்கொண்டே அழுதாள். கம்பெனியில் அவள் அழுது நான் பார்த்ததில்லை.  நானும்தான் அவள் காட்டிய வரிசையைப் பார்த்து ஆமாம் போட்டவன்.

சுந்தரராமன் தலையைச் சொறிந்தார். "இந்தக் கதவுக்கும் ஒரு ரூல் போட்டுடலாம்மா. கட்டை ஒண்ணு வாங்கிடலாம்."

"ரூல் போட்டா வேற எங்கியாவது கொண்டுபோயிக் குத்துவாங்க சார்."

"அப்ப ஒரு பலகை அடிச்சு மாட்டலாம். அதுல குத்தட்டும்."

"ஒருத்தி பின்னை ஒருத்தி எடுப்பா, சண்டை வரும். கீழ விழுந்தா புள்ளைங்க வாயில போட்டுக்கும். நான் பாத்துக்கறேன். நீங்க ஒண்ணும் போட வேணாம்" என்றாள்.

என்ன செய்யப் போகிறாள் என்று தெரிந்துகொள்ள, மறுநாள் நான் பக்கத்துச் சந்து வழியாக வந்தேன். சின்னக் கதவில் ஜோசஃபின் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஜவுளி மூட்டை தூக்குகிறவர்கள் போடும் தடித்த கோட்டு ஒன்றைப் புடவைக்கு மேல் மாட்டியிருந்தாள். சந்தைப் பார்த்து உட்காரவில்லை. தாய்மாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அறையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"புள்ளமேல ஒரு பின்னு இருக்கக்கூடாது. எல்லாத்தையும் எம்முதுகுல குத்துங்க. புள்ளைங்க கைக்கு எட்டாது. சாயந்திரம் வந்து அவங்கவங்களத அவங்கவங்க எடுத்துக்கங்க" என்றாள்.

யாரும் நகரவில்லை. மெயின் கேட்டில் தங்கள் கழுத்துக்குள் விரல் விட்டவள் அவள். கடைசியில் ஒருத்தி முன்னால் வந்து குத்தினாள். பிறகு இன்னொருத்தி. பிறகு வரிசையாகிவிட்டது. கோட்டின் முதுகு கொஞ்சம் கொஞ்சமாக நிறைந்தது.

ஃபாத்திமா கடைசியாக வந்தாள். குழந்தையின் சட்டையிலிருந்து ஊக்கைக் கழற்றி, கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பின்னால் நிற்பது யாரென்று ஜோசஃபினுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

"குத்துடி."

"உனக்குப் பட்டுடும்க்கா."

"எனக்கு உள்ளயே இருக்கு. அந்த வாசல் எனக்கு இனிமே கெடையாது. எம்மேல எத்தன இருந்தா என்ன? குத்து."

ஃபாத்திமா தோள்பட்டைக்குக் கீழே இடம் பார்த்துக் குத்தினாள். தடித்த துணி என்று அழுத்தியதில், கோட்டைத் தாண்டி ஊசி சதையில் இறங்கிவிட்டது. "அல்லா" என்று கையை இழுத்துக்கொண்டாள். ஜோசஃபின் திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டினாள்.

"பரவால்ல. புள்ளய எங்கிட்ட குடுத்துட்டு நீ ஓடு. நேரமாச்சு."